நான்கு எண்ணும் நேரத்தில் ஓர் அடி

போன மாதம் எங்கள் பழைய கம்பெனியிலிருந்து நான்கு இளைஞர்கள் வீட்டுக்கு வந்தார்கள். பொருட்காட்சிகளுக்கு அரங்கம் அமைத்துக் கொடுக்கும் அந்தக் கம்பெனியில் இருபத்தாறு ஆண்டுகள் மேற்பார்வையாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அடுத்த பொருட்காட்சிக்கு ராட்சத மிருகம் ஒன்று செய்யப்போகிறார்களாம். அமெரிக்கப் படங்களில் வருவதுபோல் செய்வதா, ஜப்பான் படங்களில் வருவதுபோல் செய்வதா என்று இரண்டு பேர் இந்தப் பக்கமும் இரண்டு பேர் அந்தப் பக்கமுமாகப் பிரிந்து, தீர்ப்புக் கேட்க வந்திருந்தார்கள். எத்தனை படம் பார்த்தீர்கள் என்று கேட்டேன். நால்வரும் சேர்ந்து ஏழு. எதில் பார்த்தீர்கள் என்றேன். கைபேசியிலாம். முந்நூறு அடி மிருகத்தை ஆறு அங்குலத்தில் பார்த்துவிட்டுக் கட்சி பிரித்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். எனக்கு ரத்த அழுத்தம் ஏறியிருக்கும். அளந்து பார்க்கவில்லை.

அன்று வாயால் சொன்னது அரைகுறையாகப் போயிற்று. மூன்று தடவை அவர்களுடைய கைபேசி அடித்தது. அதனால் எழுதித் தருகிறேன்.

பாலிடெக்னிக்கில் மூன்று ஆண்டுகள், கோவையில் பம்ப் கம்பெனி ஒன்றின் சோதனைப் பிரிவில் ஒன்பது ஆண்டுகள் என்று என் முன்கதை சிறியது. மோட்டார் ஓடும், தண்ணீர் கொட்டும், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்று எழுதுவேன். அங்கிருந்து என்னை அழைத்துக்கொண்டவர் எங்கள் முதலாளி சென்னியப்பன். அவிநாசிப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, பருத்திக்காட்டைத் தம்பியிடம் விட்டுவிட்டுப் பொருட்காட்சித் தொழிலுக்கு வந்தவர். அவரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபத்தாறு ஆண்டுகளில் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கூட்டுகிறவரையும் வாங்க போங்க என்பார். தவறு செய்தவனைத் திட்டமாட்டார். அவன் செய்ததை அப்படியே ஒரு வாக்கியமாகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பேசாமல் நிற்பார். அவர் அப்படி நிற்பதைத் தாங்க முடியாது.

எங்கள் முதல் மிருகம் வெள்ளகோவிலில் நின்றது. இரும்புச் சட்டம், ரப்பர் தோல், இரண்டு குதிரைத்திறன் மோட்டார், பல்சக்கரப் பெட்டி. தலை வலப்பக்கம் திரும்பும், இடப்பக்கம் திரும்பும், வாயைத் திறக்கும். மூன்று அசைவுக்கும் சேர்த்துப் பதினான்கு வினாடி. மூன்றாம் சுற்றிலேயே முன்வரிசைக் குழந்தைகள் கண்டுபிடித்துவிட்டார்கள். இப்போது திரும்பும் பார், இப்போது கொட்டாவி விடும் பார் என்று கோரஸாகச் சொல்ல ஆரம்பித்தார்கள். மிருகம் அவர்களுக்குக் கீழ்ப்படிவதுபோல் ஆகிவிட்டது. முதலாளி மூன்று நாள் பின்வரிசையில் நின்று பார்த்தார். நான்காம் நாள் என்னிடம் வந்தார்.

"நம்ம மிருகம் கெணத்து மோட்டாராட்டம் நல்லா ஓடுதுங்க. பயந்தான் வரமாட்டீங்குது."

அதற்குப் பிறகுதான் படம் பார்க்க ஆரம்பித்தோம். எங்கிருந்தோ பதினொரு வீடியோ கேசட்டுகள் கொண்டுவந்தார். ஆறு அமெரிக்கா, ஐந்து ஜப்பான். கிடங்கில் பெரிய டிவி ஒன்றை வைத்து, என் கையில் பம்ப் சோதனைக்கு வைத்திருந்த ஸ்டாப் வாட்சைக் கொடுத்தார். ஒரு படத்தை இரண்டு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது உத்தரவு. முதல் தடவை பயப்படுவதற்கு, இரண்டாம் தடவை அளப்பதற்கு. இருபத்திரண்டு காட்சிகள். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

அமெரிக்கப் படங்களில் மிருகம் முழுதாகத் தெரிய நாற்பது நிமிடத்துக்குக் குறையாமல் ஆயிற்று. அதுவரை வால், கண், தண்ணீரில் ஓர் அலை, இருட்டில் மழை. ஜப்பான் படங்களில் பெரும்பாலும் இருபத்தைந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். வந்தால் பட்டப்பகலில், தலை முதல் கால் வரை, ஊருக்கு நடுவில் நிற்கும். மறைப்பதற்கு ஒன்றும் இல்லை என்பதுபோல் நிற்கும். அமெரிக்க மிருகத்துக்குப் பசி இருக்கும், முட்டை இருக்கும், கோபம் இருக்கும். நம் காட்டில் இறங்கும் யானைபோல அதற்கு என்ன வேண்டும் என்று புரியும். கடைசியில் ஒருவன் திட்டம் போடுவான், விமானம் சுடும், அது சாகும், எல்லோரும் கட்டிக்கொள்வார்கள். ஜப்பான் மிருகத்துக்கு என்ன வேண்டும் என்று ஐந்து படத்திலும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. அது புயல் வருவதுபோல் வந்தது. மனிதர்கள் செய்த தவறு ஒன்று கால் முளைத்து வந்ததுபோல் வந்தது. ஐந்தில் மூன்று படத்தில் அது சாகவே இல்லை, கடலுக்குள் திரும்பிப் போயிற்று. கரையில் நின்றவர்கள் கைதட்டவில்லை. கோயில் தேர் நிலைக்குப் போன பிறகு ஜனங்கள் நிற்பார்களே, அப்படி நின்றார்கள்.

விதிவிலக்குகள் இருக்கின்றன. அமெரிக்கப் படத்திலும் இரக்கப்படும்படியான மிருகம் உண்டு. ஜப்பான் படத்திலும் குழந்தைகளுக்காகக் குத்துச்சண்டை போடும் மிருகம் உண்டு. இப்போது இரண்டு நாட்டிலும் கம்ப்யூட்டர்தான் செய்கிறது என்பதும் எனக்குத் தெரியும். நான் சொல்வது அந்தப் பதினொன்றைப் பற்றி.

செய்முறையில்தான் பெரிய வித்தியாசம். பழைய அமெரிக்கப் படங்களில் ஒரு முழ உயரப் பொம்மையை நூலளவு நகர்த்தி ஒரு படம் எடுப்பார்கள், மறுபடி நூலளவு நகர்த்தி மறுபடி ஒரு படம். திரையில் ஒரு வினாடி ஓட அப்படி இருபத்துநான்கு தடவை. அந்தப் பொறுமையை நினைத்தால் எனக்குக் கை கூப்பத் தோன்றும். ஜப்பானில் மிருக உடுப்புக்குள் ஒரு மனிதன் இறங்கிவிடுவான். அவனைச் சுற்றி இருபத்தைந்தில் ஒரு பங்காகச் சிறுத்த நகரம்.

ஆனால் அந்த மனிதன் எப்படி நூற்றைம்பது அடி உயரமாகத் தெரிகிறான்? இரண்டு வாரம் எனக்கு இதே ரோதனை. இரண்டடி வீடு சரிந்தால் வினாடியில் மூன்றில் ஒரு பங்கில் தரைக்கு வந்துவிடும். ஐம்பதடிக் கட்டடம் சரிய ஏறத்தாழ ஒன்றே முக்கால் வினாடி ஆகும். உயரம் இருபத்தைந்து மடங்கு என்றால் நேரம் ஐந்து மடங்கு. ஆகவே கேமராவை வேகமாக ஓட்டிப் படமெடுத்து, சாதாரண வேகத்தில் காட்டுகிறார்கள். எல்லாம் மெதுவாக விழுகிறது. மெதுவாக விழுவதைப் பார்த்ததும் நம் கண் அதைப் பெரியது என்று நம்பிவிடுகிறது. எடையைக் காட்டுவது உருவமில்லை, நேரம். இந்தக் கணக்கு முடிந்த அன்று நான் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டேன். பள்ளியில் கிணற்றில் கல் போட்டுப் படித்த அதே சூத்திரம்.

எங்களிடம் கேமரா கிடையாது. ஜனங்கள் நேரே பார்க்கிறார்கள். அப்படியானால் உள்ளே இருப்பவன்தான் ஐந்து மடங்கு மெதுவாக வாழ வேண்டும். நான் நடக்கும் ஓர் அடிக்கு வினாடியில் ஐந்தில் நான்கு பங்கு ஆகிறது. ஐந்தால் பெருக்கினால் நான்கு. ஓர் அடிக்கு நான்கு எண்ண வேண்டும் என்று முதலாளியிடம் சொன்னேன். அவர் எழுந்து கிடங்குக்குள்ளேயே நடந்து பார்த்தார். இரண்டாம் அடியில் தடுமாறிச் சுவரைப் பிடித்தார்.

நடக்கக் கூடியவர் அருள்தாஸ். லேத் பட்டறையில் வேலை. தன் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளியன்று நடக்கும் பாஸ்கா நாடகத்தில் ஐந்து ஆண்டுகளாகச் சிலுவை சுமப்பவர் அவர்தான். அப்போது வயது முப்பத்தொன்று. காலைத் தூக்கி இரண்டரை வினாடி காற்றில் வைத்து இறக்க வேண்டும். உடுப்பின் எடை முப்பத்தெட்டு கிலோ. பதினொரு நாள் நான் கைதட்டி எண்ணினேன், அவர் நடந்தார். பன்னிரண்டாம் நாள் கைதட்டை நிறுத்தினேன். அப்போதும் நான்கு எண்ணும் நேரம் மாறவில்லை.

அந்தக் கோடை விடுமுறையில் உடுமலைப்பேட்டையில் பொருட்காட்சி. முதலாளி வெளிநாட்டு நகரம் வேண்டாம் என்றுவிட்டார். அமராவதி அணையில் முதலைகள் இருப்பது அந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். அதனால் எங்கள் மிருகமும் முதலை முகத்தோடு அணையிலிருந்து ஏறி வரும். அரங்கத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு மில் புகைபோக்கி, பதினொரு காற்றாலைகள், எண்பத்துநான்கு தென்னைமரங்கள். கட்டடங்கள் படாரென்று விழாமல் இருக்கக் கயிறும் கப்பியும் வைத்து, மேடைக்குக் கீழிருந்து இரண்டு பேர் மெல்ல இறக்குவார்கள்.

முதல் காட்சியில் மிருகம் பஸ் ஸ்டாண்டை மிதித்ததும் கைதட்டல். மில்லைச் சாய்த்ததும் விசில். தென்னந்தோப்புக்குள் கால் வைத்து ஏழு மரம் ஒடிந்ததும் அரங்கமே அமைதியாகிவிட்டது. பயம் வந்துவிட்டது என்று நான் மகிழ்ந்தேன். காட்சி முடிந்ததும் தோளில் துண்டு போட்ட பெரியவர் ஒருவர் நேரே முதலாளியிடம் வந்தார்.

"ஏனுங்க, பஸ் ஸ்டாண்ட ஒடைங்க, மில்ல ஒடைங்க, நாங்க ஒண்ணும் சொல்லுல. காய்க்கற மரத்த ஒருத்தன் மிதிப்பானுங்களா? நல்லால்லீங்க."

முதலாளி அவரிடம் மன்னிப்புக் கேட்டார். அடுத்த காட்சியில் அருள்தாஸ் தோப்பின் ஓரத்துக்கு வந்து, தூக்கிய காலை அப்படியே காற்றில் நிறுத்தி, யோசித்து, சுற்றிக்கொண்டு போனார். யாரும் சொல்லித் தரவில்லை. அறுநூறு பேர் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அதற்குப் பிறகு வந்தவர்கள் மிருகத்தைப் பார்க்க வந்தோம் என்று சொல்லவில்லை, மிருகத்தையே மரியாதையாக, அவரைப் பார்க்க வந்தோம் என்றார்கள்.

இனி நடைமுறையைச் சொல்கிறேன். இளைஞர்கள் இதைக் கவனித்துப் படிக்க வேண்டும். உடுப்புக்குள் இருப்பவருக்கு வெளியே எழும் சத்தம் கேட்காது. வாய்ப் பக்கம் உள்ள வலை வழியாகத்தான் மூச்சு. கழுத்துக்குள் பேட்டரியில் ஓடும் சிறிய மின்விசிறி ஒன்று. இடுப்பில் கட்டிய நைலான் கயிறு வால் வழியாக வெளியே வந்து, மேடையின் முன்மூலையில் வரைந்து வைத்த மலைக்குப் பின்னால் நிற்கும் என் கையில் முடியும். இருபது அடி எடுத்து வைத்ததும் அவர் ஒரு தடவை இழுக்க வேண்டும். நலமாக இருக்கிறேன் என்று அர்த்தம். அது வராவிட்டால் நான் ஒரு தடவை இழுக்க வேண்டும். பதில் வராவிட்டால் விளக்கை அணைத்துத் திரையை இறக்க வேண்டும். ஒரு காட்சிக்கு ஒன்பது நிமிடம், தொண்ணூறு அடி. முதலாளியிடம் இன்னொரு சட்டமும் இருந்தது. உள்ளே ஆள் இருப்பது ஜனங்களுக்குத் தெரியக்கூடாது. அரங்கம் திறக்கும் முன்பே அருள்தாஸ் உள்ளே போய்விட வேண்டும், கடைசி ஆள் வெளியேறிய பிறகே வெளியே வர வேண்டும். முகமூடி மாட்டிய பிறகு முதலாளி அவரை அருள் என்று கூப்பிட மாட்டார். "அவரு தயாருங்களா?" என்று என்னிடம்தான் கேட்பார்.

பதினெட்டாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மாலை நாலரை மணிக் காட்சி. தகரக் கூரை கொதித்தது. இருபதாம் அடியில் கயிறு இழுபட்டது. அதற்குப் பிறகு நடை மெதுவாகிக்கொண்டே போயிற்று. ஓர் அடிக்கு நான்கு எண்ணி முடித்தும் கால் தரையைத் தொடவில்லை. ஐந்து எண்ணினேன். நாற்பதாம் அடியில் கயிறு வரவில்லை.

நான் இழுத்திருக்க வேண்டும். என் கையில்தான் கயிறு இருந்தது. இழுக்காததற்குக் காரணம் சொல்கிறேன். பதினெட்டு நாளில் அப்படி ஒரு நடையை நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு காட்சிகளிலும் பார்த்ததில்லை. ஆறு எண்ணினேன். ஏழு எண்ணினேன். மலையே நடக்கப் பழகுவதுபோல் இருந்தது. ஒவ்வொரு அடிக்கும் தன் உடம்பு எவ்வளவு பெரியது என்று அதற்கே அப்போதுதான் தெரிவதுபோல் இருந்தது. நடிப்பில் மூழ்கி மறந்திருப்பார், இழுத்தால் நடை கெட்டுவிடும் என்று நினைத்தேன். அறுபதாம் அடியிலும் கயிறு வரவில்லை. அதையும் நான் எண்ணினேன். என் கையில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. காற்றாலைகள் சுற்றும் சத்தத்தைத் தவிர அரங்கத்தில் வேறு சத்தமில்லை. முன்வரிசையில் ஒருவர் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். சாமி முன்னால் நிற்கும்போது செய்வதுபோல.

அறுபத்தேழாம் அடிக்கு ஒன்பது எண்ணினேன். கால் தரையில் பட்டது. மிருகம் தோப்பின் ஓரத்தில் மெல்ல மண்டியிட்டது. ஒரு கையைத் தென்னைகளின் மேல் நீட்டி, ஒன்றையும் ஒடிக்காமல் பக்கத்தில் வைத்தது. பிறகு தலை தொங்கியது. தலை தொங்கிய விதத்தில் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை. அது கல் விழுவதுபோல் விழுந்தது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

கயிற்றை இழுத்தேன். பதில் இல்லை. விளக்கு, திரை எல்லாம் மறந்துபோய் மலைக்குப் பின்னாலிருந்து அரங்கத்துக்குள் ஓடினேன். முதலாளியின் சட்டம் நினைவுக்கு வந்து ஒரு கணம் அவரைத் தேடினேன். அவர் எதிர்ப்பக்கத்திலிருந்து வெள்ளை வேட்டியோடு தோப்புக்குள் நேரே நடந்து வந்துகொண்டிருந்தார். அவர் காலடியில் தென்னைமரங்கள் ஒவ்வொன்றாக ஒடிந்தன. என்னிடம் வந்து, எப்போதும் பேசும் அதே குரலில், "முதுகக் கிழிங்க" என்றார். அறுநூறு பேர் பார்க்க முதுகுத் தையலைப் பேனாக்கத்தியால் கிழித்தோம். மின்விசிறியின் கம்பி ஒன்று விட்டுப்போயிருந்தது. உள்ளிருந்து வந்த சூடு கொதிக்கும் பாத்திரத்தைத் திறந்ததுபோல் முகத்தில் அடித்தது. அருள்தாஸின் உதடு வெளுத்திருந்தது.

யாரும் சிரிக்கவில்லை, ஏமாற்று என்று யாரும் கத்தவில்லை. துண்டை எடுத்தவரே முதலில் உள்ளே வந்தார். அந்தத் துண்டாலேயே விசிறினார். நான்கைந்து பேர் தண்ணீர் பாட்டில்களோடு வந்தார்கள். வருகிற அவசரத்திலும் காலைத் தூக்கித் தூக்கி, விழாத மரங்களை மிதிக்காமல் வந்தார்கள்.

ஆஸ்பத்திரியில் நான்கு பாட்டில் சலைன் ஏறியது. மறுநாள் காலை எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்டார் என்று சேதி வந்த பிறகுதான் முதலாளி என்னிடம் பேசினார். எப்போது தெரிந்தது என்று கேட்டார். நான் பொய் சொல்லவில்லை. நாற்பதில் கயிறு வரவில்லை, அறுபதிலும் வரவில்லை, அறுபத்தேழில் ஓடினேன் என்றேன்.

"நாப்பதுல தெரிஞ்சுபோட்டு, அறுவத்தேழு வரைக்கும் நின்னு பாத்தீங்க" என்றார். பிறகு வழக்கம்போல் பேசாமல் நின்றார்.

இருபத்தேழு அடிகள். பின்னால் கூட்டிப் பார்த்தேன், மூன்று நிமிடம் ஒன்பது வினாடி. ஒரு மனிதன் மயங்கிக்கொண்டிருந்ததைத்தான் நான் எடை என்று நினைத்து மெய்சிலிர்த்திருக்கிறேன். ஜப்பானிலும் அந்தக் காலத்தில் உடுப்புக்குள் இருந்தவர்கள் சூட்டில் மயங்கி விழுந்திருக்கிறார்கள் என்று வெகுநாள் கழித்துப் படித்தேன். அப்படி எடுத்த காட்சிகளில் எவற்றையெல்லாம் நான் அந்தக் கிடங்கில் இரண்டு தடவை பார்த்து வியந்தேனோ தெரியாது.

முதலாளி காட்சியை நிறுத்திவிட்டார். மறுபடி மோட்டாருக்கே போய்விடலாம் என்று முடிவு. நான்காம் நாள் அருள்தாஸ் கிடங்குக்கு வந்தார். நான் எழுந்து நின்றேன். மன்னிப்புக் கேட்க நான் தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் மூன்று. ஒன்றையும் அவர் சொல்லவிடவில்லை.

"கடேசி அடிக்கு எத்தன எண்ணுனீங்க?"

"ஒம்பது."

"எனக்கு ஒண்ணுமே தெரியலீங்க. ஜனம் எப்படி இருந்துது?"

சொன்னேன். துண்டை எடுத்ததைச் சொன்னேன். அவர், நினைவோடு இருக்கும்போதே அந்த ஒன்பதை நடக்கப் பழகிக்கொள்கிறேன் என்றார். நாலுக்கு இத்தனை நாள் பயந்தோமே, ஒன்பது முடியும் என்று இந்த உடம்புக்கே தெரிந்துவிட்டதல்லவா என்றார். முதலாளி இரண்டு நாள் ஒப்புக்கொள்ளவில்லை. அருள்தாஸ் தானே நிபந்தனை போட்டார். மின்விசிறி இரண்டு, கயிறு இருபது அடிக்கு ஒரு தடவைக்குப் பதில் பத்து அடிக்கு ஒரு தடவை, காட்சி ஆறு நிமிடம். கயிற்றுக்கு வேறு ஆள் போடுங்கள் என்று நான் சொன்னேன். முதலாளி என்னைப் பார்த்தார். அருள்தாஸ், சூப்பர்வைசரே பிடிக்கட்டுங்க, ஆனால் என்னைப் பார்க்காமல் பிடிக்கட்டுங்க என்றார்.

அப்படித்தான் நடந்தது. அதற்குப் பிறகு பதினேழு நாள், நாளுக்கு மூன்று காட்சி, ஐம்பத்தொரு காட்சிகளில் நான் மலையின் ஓட்டை வழியாக ஜனங்களைப் பார்த்துக்கொண்டு, மிருகத்துக்கு முதுகு காட்டி நின்றேன். கண் அவர்கள் மேல், கவனம் கயிற்றின் மேல். அப்போதுதான் அமெரிக்கக்காரர்கள் செய்யும் ஒரு காரியம் எனக்கு விளங்கியது. அவர்கள் மிருகத்தைக் காட்டுவதற்கு முன்னால் அண்ணாந்து பார்க்கும் முகங்களைக் காட்டுவார்கள். மிருகத்தைக் காட்டக் காசில்லாமல் நேரத்தைப் போக்குகிறார்கள் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தேன். தப்பு. மூன்றாம் வரிசையில் ஒரு பெண் வாய்க்குக் கொண்டுபோன முறுக்கைக் கடிக்காமல் பிடித்திருந்தாள். ஒருவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர்கள் கண்கள் மேலே ஏறி, மெல்ல, மிக மெல்ல இறங்கின. அந்த இறக்கத்தில் எனக்குப் பின்னால் ஒரு கால் இறங்குவதைப் பார்த்தேன். அது எவ்வளவு பெரிய கால் என்று அந்த முகங்களைப் பார்த்து எனக்குத் தெரிந்தது. பத்து அடிக்கு ஒரு தடவை கயிறு என் உள்ளங்கையில் இழுபட்டது. ஒன்றுகூடத் தவறவில்லை.

கடைசி நாள் கடைசிக் காட்சி முடிந்து, ஜனங்கள் போன பிறகு, உடுப்பின் முதுகைத் திறந்து அவரை வெளியே எடுத்தேன். தலையிலிருந்து வேர்வை சொட்ட உட்கார்ந்து மோர் குடித்தார். ஒன்பது எண்ணிக்கையைத் தாண்டி இன்று பத்து நடந்துவிட்டதாகச் சொன்னார். மேடைக்குக் கீழிருந்த இரண்டு பேரும் ஆமாம் என்றார்கள். முதலாளிகூடப் பின்வரிசையில் எழுந்து நின்றாராம்.

"ஒரே ஒருக்காவாச்சும் திரும்பிப் பாத்திருக்கலாமுங்க" என்றார் அருள்தாஸ்.

"பாத்திருந்தா எண்ண ஆரமிச்சிருப்பேன் கண்ணு" என்றேன்.